எரியாத கை

தேவசகாயத்தைப் புதைத்த அன்று ஆம்பூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அவருடைய கைகளைப் பற்றித்தான் பேசினார்கள். "இரும்புக் கை. சுண்ணாம்புக் குழியில அந்த ஆளு மாதிரி எவனும் நின்னதில்ல" என்று சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார்கள். அவருடைய மகள் எஸ்தர் வேலூரில் நர்சு. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கல்லறைத் தோட்டத்தில் சொல்லக் கூடாத வார்த்தை வந்திருக்கும். உயிரோடிருந்தபோது அவரைக் கெடுத்ததே அந்தப் புகழ்ச்சிதான். செத்த பிறகும் அது அவரை விடவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அது இரும்புக் கை இல்லை. உணர்ச்சி செத்த கை.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் பச்சைத் தோல் வந்திறங்கியதும் முதலில் தண்ணீரில் ஊறும். அடுத்து சுண்ணாம்புக் குழிக்குப் போகும். மயிர் கழலும் வரை அங்கேதான் கிடக்கும். தினமும் அதை வெளியே இழுத்துப் போட்டு, குழியைக் கலக்கி, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். சுண்ணாம்புக்கு மாட்டுத்தோல் எது, மனுஷத்தோல் எது என்று தெரியாது. நகக்கண்ணில் புகும், வெடிப்பில் புகும். வேலை முடிந்ததும் குழியாட்கள் புங்க எண்ணெயில் கையை நனைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து ஊதுவார்கள். அதிகம் ஊதுகிறவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். "இன்னாடா, மருதாணி வெச்சுகினியா?" என்பார்கள்.

நல்ல குழியாளுக்கு நாளாவட்டத்தில் கை காய்ச்சுப் போய்விடும், அப்புறம் எரியாது என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். காய்ப்பு ஏறிய கையிலும் சுண்ணாம்பு எரியத்தான் செய்யும் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

தேவசகாயம் மீசை முளைக்கும் முன்பே குழிக்கு வந்தவர். அவர் கையும் மற்றவர்கள் கை மாதிரி எரிந்தது. அவரும் ஊதினார், சிரிப்புக்கும் ஆளானார். கலியாணமாகி, எஸ்தர் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் எப்போதோ எரிச்சல் நின்றுபோனது. இடது கைச் சுண்டுவிரலில் முதலில் நின்றது, பிறகு மற்ற விரல்களில். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் போகாமல் அவர் நேராக வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார். மேஸ்திரி வேலாயுதம் அதைக் கவனித்தார்.

"பாத்தீங்களாடா? இவன் ஆம்பளை!" என்று கத்தினார்.

அந்த வருஷம் பக்ரீத் முடிந்து, மலை மாதிரி குவிந்த தோலெல்லாம் குழியில் இறங்கி ஏறிய பிறகு, வேலாயுதம் எல்லார் முன்னாலும் தேவசகாயத்துக்குச் சரிகை போட்ட தலைப்பா கட்டினார். அதன் பிறகு வருஷா வருஷம் கட்டினார். அவர் மனைவி மரியம்மாள் அந்தத் தலைப்பாக்களைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். தன் புருஷன் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குவான் என்று ஷாப்புக் கூலியாட்கள் குடியிருந்த லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். விரல் நுனி புண்ணாகி ஆறும், மறுபடி புண்ணாகும். குழியாளுக்குப் புண் இல்லாமல் இருக்குமா என்றார்கள்.

எஸ்தர் மிஷன் பள்ளியில் படித்து, வேலூர் ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவள், கொதிக்கிற கஞ்சிச் சட்டியை அப்பா இறக்குவதைப் பார்த்தாள்.

"பாருடி உங்க நைனாவ. எனக்குப் பிடிதுணியே வேணாம்" என்று மரியம்மாள் சிரித்தாள்.

எஸ்தர் சிரிக்கவில்லை. வாசலில் கிடந்த கோழி இறகு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"நைனா, கையை நீட்டு. கண்ணை மூடிக்கோ. எங்க தொடுறேன்னு சொல்லணும்."

தேவசகாயம் மூடிக்கொண்டார். காத்திருந்தார். சிறிது நேரத்தில் அவருக்குப் பொறுமை போயிற்று.

"தொடுடி சீக்கிரம். வேலைக்கி நேரமாவுது."

"தொட்டாச்சு நைனா."

"எப்போ?"

"அப்பவே. இப்பவும் தொட்டுகினுதான் கீறேன்."

கண்ணைத் திறந்தார். இறகு அவருடைய உள்ளங்கையின் நடுவில் இருந்தது.

லைன் வீடுகளில் சுவர் ஒன்று, காது நூறு. குஷ்டத்துக்கு அங்கே பெருவியாதி என்று பெயர். அந்தச் சொல் சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போயிற்று. மறுநாள் காலையில் ஷாப்பு வாசலில் வேலாயுதம் கழி ஒன்றைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை. "அப்படியே போயிடு. கேட்டாண்ட நிக்காத" என்றார். தேவசகாயம் உட்காரும் கல்லின்மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அவர் முந்தின நாள் புரட்டிய தோல்களை மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. அவை பதமாகி, கட்டாகி, மதராஸ் போய்க் கப்பல் ஏறின.

மரியம்மாள் அதே லைனில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வெளியே வியாதிக்காரர்களுக்கென்று இருந்த ஒரு விடுதியில் அவரை எஸ்தர் சேர்த்தாள். அந்த வியாதிக்கென்று இருந்த எண்ணெய் ஊசியைப் போட்டார்கள். உணர்ச்சி இருக்கிற இடத்தில்தானே வலிக்கும், அங்கே பார்த்துப் போட்டார்கள். காய்ச்சல் வந்தது, உடம்பு வீங்கியது, ஒரு மழைக்காலத்தில் பிழைப்பாரா என்றே சந்தேகமாகிவிட்டது. பிழைத்தார். கடைசியில் டாக்டர் அவரை உட்காரவைத்துச் சொன்னார்: வியாதி நின்றுவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் கைக்கு உணர்ச்சி திரும்பாது.

"எப்போ போச்சு சார்?"

"ரொம்ப வருஷம் ஆகியிருக்கும். ஆரம்பத்திலேயே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது."

அன்று தேவசகாயம் கட்டிலில் படுத்துக்கொண்டு பின்னோக்கி யோசித்தார். எரிச்சல் நின்ற மாதம். முதல் தலைப்பா. வேலாயுதத்தின் கத்தல். வியாதி அவர் கதவைத் தட்டிய அன்றைக்கு ஊரே கூடி அதற்கு மாலை போட்டிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு கொண்டுவந்தவன் மேல் தட்டோடு சோற்றை விட்டெறிந்தார். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. மன்னிப்பும் அவர் கேட்கவில்லை.

வெளியே வந்தவருக்கு வீடு தர ஆளில்லை. விடுதியின் பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்தினார்கள். பள்ளிகொண்டாவுக்கு அப்பால், பாலாற்றங்கரைப் பக்கம், சுகரா பேகம் என்ற விதவைக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்பில் காவல்காரன் கொட்டகை காலியாகக் கிடந்தது. எஸ்தர் அப்பாவை அழைத்துக்கொண்டு போய் நின்றாள். பேகம் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்காரங்க விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க பீபிம்மா. ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"அப்புறம் இன்னா? இருந்துட்டுப் போவட்டும். ஒட்டாதுன்றது மாங்கா திருடறவனுங்களுக்குத் தெரிய வேணாம். தெரியாத வரைக்கும் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். எனக்குப் பேஜார் கம்மி."

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. "என் வியாதியக் காட்டி உங்க மாங்காவக் காக்கணுமா?"

திரை விலகியது. பேகம் வெளியே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பின்ன இன்னா, உன் அழகைக் காட்டியா?"

எஸ்தர் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. தேவசகாயம் சிரிக்கவில்லை. ஆனால் மூட்டையைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

புது வீட்டில் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. பாத்திரங்களின் காதுகளுக்கெல்லாம் எஸ்தர் தேங்காய் நார்க் கயிறு சுற்றினாள். கரண்டிகளுக்கு நீளமாக மரப்பிடி போட்டாள். வெறுங்கையால் அடுப்பைத் தொடக் கூடாது. முள்வேலியில் கை வைத்தால் உடனே எடுத்துப் பார்க்க வேண்டும். பொழுது சாயும் முன் நல்ல வெளிச்சத்தில் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் கழுவிக் கட்ட வேண்டும். ஒரு நாள் காலையில் விரல் நுனி குதறியிருந்தது. தூக்கத்தில் எலி கடித்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. சேதி கேட்டு பேகம் ஒரு பூனையைக் கோணிப்பையில் கட்டி அனுப்பினாள். "இதுக்கு வாடகை ஜாஸ்தி ஆவாதுன்னு சொல்லு" என்றும் சொல்லியனுப்பினாள்.

கோபம் மட்டும் குறையவில்லை. கயிறு அவிழ்ந்தால் கோபம். தீக்குச்சி அணையாமல் விரலில் புகைந்தால் கோபம். ஆத்திரத்தில் சுவரைக் குத்தக்கூட அவருக்கு வழியில்லை. குத்தினால் பிறகு உட்கார்ந்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். லைனுக்குத் திரும்ப வேண்டும், மரியம்மாளோடு பழைய வீட்டில் இருக்க வேண்டும். தோப்பு அழகான தோப்பு. ஆனால் கூப்பிட்டால் ஏனென்று கேட்க அதில் ஆளில்லை. எஸ்தர் ஒவ்வொரு முறை வரும்போதும், "உங்கம்மா எதனா சொன்னாளா?" என்று கேட்பார். எஸ்தர் வேறு எதையாவது பேசுவாள்.

இரண்டாம் வருஷம் பக்ரீத்துக்குச் சில நாள் முன்னால், மாங்காய் பழுக்கும் முன், ஒரு மதியம் வேலாயுதம் தோப்புக்குள் வந்தார். பின்னால், புதுச் சேலையும் கையில் மூட்டையுமாக மரியம்மாள் வந்தாள்.

தேவசகாயம் எழுந்து நின்றார். அவர் பார்த்தது மரியம்மாளை மட்டும்தான்.

"இன்னா தேவசகாயம், நல்லா கீறியா? எடம் ஜோரா கீதே" என்றார் வேலாயுதம்.

"உக்காருங்க மேஸ்திரி."

வேலாயுதம் உட்காரவில்லை. "இருக்கட்டும். விஷயத்துக்கு வர்றேன். பக்ரீத்துக்குத் தோலு வந்து குமியப் போவுது. குழியில நிக்க ஆளில்ல. இப்ப வர்ற பசங்க விரலை வுட்டாலே அம்மான்றானுங்க. உன் கை மாதிரி வருமா? லைன்ல நான் பேசிட்டேன், ஒருத்தன் மூச்சு வுட மாட்டான். உன் வூடு அப்படியே கீது. மரியம்மா வந்து வெளக்கேத்தறேன்றா. இன்னா மரியம்மா?"

மரியம்மாள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"கழி நீட்டித் தொரத்துனீங்களே மேஸ்திரி."

"அது அப்போ. இப்பதான் டாக்டரு சரியாயிடுச்சுன்ட்டாராமே."

"கையில உணர்ச்சி வராதுன்னும் சொன்னாரு."

"அதான் நல்லதாப் போச்சே!" என்று வேலாயுதம் சிரித்தார்.

கள்ளமில்லாத சிரிப்பு. ஒரு நல்ல சேதிக்குச் சிரிப்பது போலத்தான் சிரித்தார். தேவசகாயத்தின் நாக்கு நுனியில் 'வர்றேன்' என்ற சொல் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் வீடு, தெரு, மரியம்மாள் எல்லாம் அன்றைக்கே கையில் கிடைக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அந்தச் சொல் உள்ளே போய்விட்டது.

"மேஸ்திரி, இப்ப குழியில கை எரியாதவன் யாரு யாரு கீறான்?"

"கீறானுங்க ரெண்டு மூணு பேரு. கெட்டிக்காரனுங்கதான். உன் அளவுக்கு வரமாட்டானுங்க. ஏன்?"

தேவசகாயம் உள்ளே போனார். எஸ்தர் கூரைக் கீற்றில் செருகி வைத்திருந்த கோழி இறகை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நான் வர்றேன். ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு பண்ணணும். குழியாளுங்க ஒவ்வொருத்தனையும் நிக்க வெச்சு, கண்ணை மூடச் சொல்லி, இதால கையைத் தொடணும். தொட்டது தெரியாதவன் குழியில எறங்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போவணும். அவன் தலையில சரிகைத் தலைப்பா கட்டக் கூடாது."

"உனக்கு இன்னா பைத்தியமா? கோழி றெக்கைய வெச்சுகினு ஆளைச் சோதிக்கிறதா? சேதி வெளிய போனா பாதிப் பேரு ஓடிடுவான். மிச்சப் பேரைப் பொண்டாட்டி அனுப்ப மாட்டா. அப்துல் வஹாப் சாயபு என்னைச் சும்மா வுடுவாரா?"

"முதலாளிகிட்ட நான் பேசறேன்."

"நீ பேசுவே! உன்னை வாசப்படி ஏத்துவாங்களா?"

"சரி. அப்ப மொதல்ல நீங்க மூடுங்க."

"எதை?"

"கண்ணை. நீங்களும் மேஸ்திரி ஆவறதுக்கு முன்னாடி குழியில நின்ன ஆளுதானே. கையை நீட்டுங்க. ஒரு நிமிசம்."

வேலாயுதம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவருடைய கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. போனது அவருக்கே தெரியவில்லை.

"மூடு" என்றார் தேவசகாயம். அதுவரை மேஸ்திரியை அவர் நீ என்று சொன்னதில்லை. "மூடுறா கண்ணை! எத்தினி வருசம் என் தலையில துணி கட்டினே! எரியலன்னா ஆம்பளைன்னியே! ஏன் எரியலன்னு அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப எனக்குத் தெரியும். நீ தெரிஞ்சுக்க வேணாமா? மூடு!"

வேலாயுதம் கண்ணை மூடவில்லை. முன்பைவிட அகலமாகத் திறந்து வைத்திருந்தார். இமைக்கவும் இல்லை.

"இங்கயே கெட" என்றார் கடைசியில். "மாங்காவக் காத்துகினு இங்கயே கெட, நன்னி கெட்ட நாயே." திரும்பி வேகமாக நடந்தார். கைகளை வேட்டி மடிப்புக்குள் சுருட்டிக்கொண்டு போனார்.

மரியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீயும் போ. பஸ்ஸு போயிடப் போவுது" என்றார் தேவசகாயம்.

அவள் போகவில்லை. மூட்டையைத் தரையில் வைத்தாள். கிட்டே வந்தாள். இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாரு" என்றாள்.

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் கீழே உட்கார்ந்துகொண்டார். இறகு விரலுக்குள் இருப்பது அவருக்கே தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஆள்காட்டி வெரலு" என்றாள் மரியம்மாள்.

அடுத்த கைக்குப் போனார்.

"சுண்டு வெரலு. அதுக்குக் கீழே. மணிக்கட்டு."

இறகைத் தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டு, "இப்போ?" என்றார்.

"இப்ப நீ தொடல."

இறகைக் கீழே போட்டார். "எல்லாம் நல்லா கீது. கண்ணைத் தொற."

அவள் கண்ணைத் திறந்தாள். அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மறுபடி ஆத்திரம் பொங்கிற்று.

"இதுக்குத்தான் ஓடினியா? உனக்கும் வந்திருக்கும்னு பயந்துகினே இத்தினி நாளு அண்ணன் வூட்டுல குந்திகினு இருந்தியா? பெத்த பொண்ணு நர்சு. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா அவ பதில் சொல்லிடுவாளே" என்றாள் மரியம்மாள்.

அவர் எழுந்து போய் பூனையை அதட்டினார்.

அவள் அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. அவர் அவளைச் சுலபமாக மன்னித்துவிடவும் இல்லை. தனியாகத் தட்டெடுத்துச் சாப்பிட்டார். "ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாரு, உனக்குச் சந்தேகமா இருந்தா தள்ளிப் படு" என்று குத்தினார். அவளும் சும்மா இருக்கவில்லை. "தள்ளிப் படுக்கறதுக்கு இந்தக் கொட்டாயில எடம் எங்க கீது?" என்றாள். பேகம் இதைக் கேட்டுவிட்டு, தோப்புக்கு மாங்காய்த் திருடன் வராததற்கு இப்போது இரண்டு காரணம் என்று எஸ்தரிடம் சொன்னாள்.

பக்ரீத் முடிந்தது. தோல் வந்து குவிந்தது என்று சேதி வந்தது. புதுசாக எவனுக்கோ தலைப்பா கட்டப் போகிறார்களாம். தேவசகாயம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் சட்டையை மாட்டினார்.

"எங்கே?" என்றாள் மரியம்மாள்.

"ஆம்பூருக்கு."

"வேலைக்கா?"

"வேலைக்குத்தான்" என்று உறுமினார். அவளும் கூடவே கிளம்பினாள்.

ஷாப்பு வாசலுக்கு எதிரே, சாக்கடைக்கு இந்தப் பக்கம், இருவரும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். வேலை விட்டு வந்தவர்களைத் தேவசகாயம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கையைக் காட்டச் சொன்னார். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா பெரியவரே, காது கொடையறியா?" என்று ஒருவன் இறகைப் பார்த்துக் கேட்டான். கூட்டம் சிரித்தது. தேவசகாயம் அவனையும் அவன் அப்பனையும் சேர்த்துத் திட்டினார். வாட்ச்மேன் வந்து தண்ணீரை வீசினான். மறுநாளும் போனார்கள். அடுத்த நாளும் போனார்கள். மரியம்மாளின் அண்ணனே அவர்களைத் தெரியாதவன் போலக் கடந்து போனான்.

மூன்றாம் நாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒருவன் மட்டும் வாசலில் தயங்கி நின்றான். முப்பது வயதிருக்கும். விரலெல்லாம் சுண்ணாம்பு வெளுத்திருந்தது. திரும்பி ஒரு தரம் ஷாப்பைப் பார்த்தான். சாக்கடையைத் தாண்டி வந்து, மரத்தடியில் குந்தி, ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளையும் நீட்டினான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

தேவசகாயம் இறகை எடுத்தார். ஒரு கையால் மறு கையை அழுத்திப் பிடித்தார்.

"நீ தொடு மரியம்மா" என்று இறகை அவளிடம் நீட்டினார். "எனக்கு ஆத்திரத்துல கை நிக்கல."